அகத்தி முதல் போர்ட் பிளேர் வரை: வான்வழித் தூரத்தை நாமே கணக்கிட ஒரு முழு வழிகாட்டி

குமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. மேற்கே போனால் திருவனந்தபுரம், வடகிழக்கே போனால் தூத்துக்குடியின் வாகைக்குளம், இன்னும் வடக்கே மதுரை. ஆனாலும் வான்வழித் தூரத்தைப் பற்றிய கேள்வி இங்கே பல வீடுகளில் எழும். தம்பி ராணுவத்தில், லடாக்கின் லே நகரில் இருப்பான். சித்தப்பா குடும்பம் அந்தமானில் இருக்கும். தூத்தூர், வள்ளவிளை படகுகள் லட்சத்தீவுப் பக்கம் தங்கல் தொழிலுக்கு, அதாவது நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போயிருக்கும். "அங்கேயிருந்து இங்கே எவ்வளவு தூரம்?" என்று யாராவது கேட்பார்கள். போனில் தேடினால் ஒரு தளம் ஒரு எண்ணைச் சொல்லும், இன்னொன்று நாலைந்து கிலோமீட்டர் கூட்டியோ குறைத்தோ சொல்லும், மூன்றாவது தளம் நூறு கிலோமீட்டர் தள்ளி நிற்கும்.

எது சரி என்று பார்க்க, நாமே ஒருமுறை கணக்குப் போடுவதுதான் வழி. பத்தாம் வகுப்புக் கணக்குக்கு மேல் எதுவும் வேண்டாம். போனில் உள்ள கால்குலேட்டரும் ஒரு தாளும் போதும். உதாரணத்துக்கு, நம் மேற்கே கடலுக்குள் கிடக்கும் லட்சத்தீவின் அகத்தியையும், கிழக்கே கடலுக்குள் கிடக்கும் அந்தமானின் போர்ட் பிளேரையும் எடுத்துக்கொள்வோம். இரண்டும் தீவு, இரண்டுக்கும் நடுவே தீபகற்பமே குறுக்கே நிற்கிறது, ஒன்றிலிருந்து மற்றதற்கு நேரடி விமானமும் இல்லை. கணக்கைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது.

முதலில் இடத்தைச் சரியாகப் பிடியுங்கள்

தூரக் கணக்கில் பெரிய தவறுகள் கூட்டல், பெருக்கலில் வருவதில்லை. இடத்தைத் தவறாக எடுப்பதில்தான் வருகின்றன. ஊரின் பெயரைப் போட்டுத் தேடினால் ஊர் நடுவின் புள்ளி கிடைக்கும். விமான நிலையம் ஊருக்கு வெளியே பத்து, இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். தூத்துக்குடி நகரம் வேறு, வாகைக்குளம் வேறு. ஒரே பெயரில் பல ஊர்கள் இருப்பதும் உண்டு. சாண்டியாகோ என்றால் சிலியின் தலைநகரமும் வரும், ஸ்பெயினில் உள்ள ஊரும் வரும். பெயர் மாறுவதும் உண்டு. போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். அதனால் விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டை வைத்துத் தேடுவதே பாதுகாப்பு. திருவனந்தபுரத்துக்கு டிஆர்வி, அகத்திக்கு ஏஜிஎக்ஸ், போர்ட் பிளேருக்கு ஐஎக்ஸ்இசட். ஊர்ப் பெயர் மாறினாலும் இந்தக் குறியீடு பெரும்பாலும் மாறாது.

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் அதிகாரப்பூர்வமான ஒரே ஒரு புள்ளி உண்டு. பெரும்பாலும் ஓடுபாதையின் நடுவை ஒட்டி இருக்கும். தூரக் கணக்கெல்லாம் அந்தப் புள்ளியிலிருந்துதான். அந்தப் புள்ளிக்கு அட்சரேகை ஒன்று, தீர்க்கரேகை ஒன்று:

அகத்தி: வடக்கு 10.824, கிழக்கு 72.176
போர்ட் பிளேர்: வடக்கு 11.641, கிழக்கு 92.730

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, கவனமாகத் தாண்ட வேண்டும். ஒரே இடத்தை மூன்று விதமாக எழுதுவார்கள். கூகுள் மேப் 10.824 என்று டிகிரியைத் தசமத்தில் காட்டும். விமானத் துறை ஆவணங்களில் 10 டிகிரி 49 நிமிடம் 27 விநாடி என்று இருக்கும். படகில் உள்ள ஜிபிஎஸ் கருவியில் பெரும்பாலும் 10 டிகிரி 49.450 நிமிடம் என்று வரும்.

தேங்காப்பட்டணம் துறைமுகத்தில் இது நடப்பதைப் பார்க்கலாம். அப்பா படகின் ஜிபிஎஸ் திரையைப் பார்த்து "பத்து, நாப்பத்தொம்பது, நானூத்தம்பது" என்று வாசிப்பார். கல்லூரியில் படிக்கும் மகன் போனில் 10.49450 என்று தட்டுவான். மேப்பில் புள்ளி தீவில் விழாமல், தெற்கே ஏறத்தாழ 37 கிலோமீட்டர் தள்ளி நடுக்கடலில் விழும். "மக்கா, அது புள்ளி இல்ல, மினிட்டு" என்று அப்பா சொன்ன பிறகுதான் அவனுக்கு விளங்கும். ஒரு டிகிரிக்கு அறுபது நிமிடம், நூறு இல்லை. அதனால் நிமிடத்தை அறுபதால் வகுத்து டிகிரியோடு கூட்ட வேண்டும். 49.45-ஐ 60-ஆல் வகுத்தால் 0.824. அதோடு பத்தைக் கூட்டினால் 10.824. விநாடியும் இருந்தால் அதை 3,600-ஆல் வகுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டிகிரியைத் தூரமாக்குவது

கடலில் போகிறவர்களுக்கு இந்தப் பகுதி தேவையே இல்லை, அவர்கள் கையோடு வைத்திருக்கும் கணக்கு இது. வடக்கு தெற்காக ஒரு நிமிடம் நகர்ந்தால் ஒரு கடல் மைல். ஒரு டிகிரி நகர்ந்தால் அறுபது கடல் மைல். கடல் மைலையே அப்படித்தான் உருவாக்கினார்கள். பின்னர் 1929-இல் மொனாக்கோவில் நடந்த சர்வதேச மாநாட்டில் ஒரு கடல் மைல் என்றால் 1,852 மீட்டர் என்று நிலைநிறுத்தினார்கள். விமானங்களும் இன்றுவரை கடல் மைலில்தான் தூரத்தைக் கணக்கிடுகின்றன. விமானி 'நாட்' என்று சொல்லும் வேகம், மணிக்கு எத்தனை கடல் மைல் என்பதுதான்.

லேயை வைத்துப் பார்க்கலாம். கன்னியாகுமரியின் தீர்க்கரேகை கிழக்கு 77 டிகிரி 33 நிமிடம். லே விமான நிலையத்தின் தீர்க்கரேகையும் அதேதான். குமரி முனையில் நின்று நேர் வடக்கே நூல் பிடித்தால் அது லேயில் போய் நிற்கும். இப்படிப் பொருந்துவது வெறும் தற்செயல் என்றாலும், நமக்குக் கணக்கு எளிதாகிறது. கன்னியாகுமரி வடக்கு 8.08, லே வடக்கு 34.14. வித்தியாசம் 26.06 டிகிரி. அறுபதால் பெருக்கினால் ஏறத்தாழ 1,564 கடல் மைல். அதை 1.852-ஆல் பெருக்கினால் சுமார் 2,896 கிலோமீட்டர். நேர் வடக்கு தெற்கு என்றால் வேலை இவ்வளவுதான்.

கிழக்கு மேற்கில் அப்படி இல்லை. தீர்க்கரேகைகள் நிலநடுக்கோட்டில் அகலமாக நின்று, துருவத்தை நோக்கிப் போகப்போக நெருங்கி, கடைசியில் ஒரே புள்ளியில் சேர்ந்துவிடுகின்றன. அதனால் கிழக்கு மேற்காக ஒரு டிகிரிக்கு எவ்வளவு தூரம் என்பது எந்த அட்சரேகையில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது. அறுபதை அந்த அட்சரேகையின் கோசைனால் பெருக்க வேண்டும். குமரியில் ஒரு டிகிரி 59.4 கடல் மைல், அதாவது சுமார் 110 கிலோமீட்டர். லேயில் அது 92 கிலோமீட்டராகக் குறைகிறது. நார்வேயின் வடக்கே ஆர்க்டிக் கடலில் உள்ள லாங்இயர்பியனில் வெறும் 22 அல்லது 23 கிலோமீட்டர்தான்.

கால்குலேட்டரைத் தொடுவதற்கு முன் ஒரு சோதனை. போனைப் படுக்கை வாட்டில் திருப்பினால் சைன், கோசைன் பொத்தான்கள் வரும். கோசைன் 60 என்று போடுங்கள். 0.5 வந்தால் கருவி டிகிரியில் இருக்கிறது. மைனஸ் 0.95 என்று வந்தால் அது ரேடியன் என்ற வேறொரு கோண அளவில் கிடக்கிறது, மாற்றிவிட்டுத் தொடருங்கள். எக்செலில் போடுபவர்களுக்கும் இது பொருந்தும். எக்செல் எப்போதும் ரேடியனில்தான் கணக்கிடும், டிகிரியை முதலில் மாற்றிக் கொடுக்க வேண்டும்.

முதல் முறை: தட்டையான கணக்கு

இப்போது அகத்தி, போர்ட் பிளேர் ஜோடிக்கு வருவோம். பூமியைத் தட்டை என்றே வைத்துக்கொண்டு, பள்ளியில் படித்த செங்கோண முக்கோணத்தைப் போடுவோம்.

அட்சரேகை வித்தியாசம் 11.641 கழித்தல் 10.824, அதாவது 0.817 டிகிரி. தீர்க்கரேகை வித்தியாசம் 92.730 கழித்தல் 72.176, அதாவது 20.554 டிகிரி. இரண்டு அட்சரேகைகளின் சராசரி 11.2325. அதன் கோசைன் 0.98084. தீர்க்கரேகை வித்தியாசத்தை இதால் பெருக்கினால் 20.160. ஆக, முக்கோணத்தின் ஒரு பக்கம் 0.817, இன்னொரு பக்கம் 20.160. இரண்டையும் வர்க்கப்படுத்தி, கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் 20.177 டிகிரி. அறுபதால் பெருக்க 1,210.6 கடல் மைல். கிலோமீட்டரில் 2,242.

தட்டைப் பூமி என்று சொன்னதும் சிலர் முகம் சுளிப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள், அடுத்த முறையின் விடையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

இரண்டாம் முறை: பெருவட்டக் கணக்கு

உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறுகிய வழி, உருண்டையைச் சரிபாதியாக வெட்டும் வட்டத்தின் ஒரு துண்டு. இதற்குப் பெருவட்டம் என்று பெயர். பள்ளிக்கூடத்து உலக உருண்டையில் நூலை இரண்டு ஊர்களின் மேல் வைத்து இறுக்கிப் பிடித்தால், நூல் தானாகவே அந்த வழியில் போய் உட்காரும். அதையே எண்ணில் செய்யும் முறை இது.

முதலில் இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள். 10.824-இன் சைன் 0.18779, 11.641-இன் சைன் 0.20178. பெருக்கினால் 0.03789.

அடுத்து இரண்டு அட்சரேகைகளின் கோசைன்களோடு தீர்க்கரேகை வித்தியாசத்தின் கோசைனையும் சேர்த்து மூன்றையும் பெருக்குங்கள். 0.98221, 0.97943, 0.93634 ஆகிய மூன்றும் சேர்ந்து 0.90077.

இரண்டு விடைகளையும் கூட்டினால் 0.93866. எந்தக் கோணத்தின் கோசைன் இது என்று திருப்பிக் கேளுங்கள். கால்குலேட்டரில் கோசைனுக்கு மேலே மைனஸ் ஒன்று போட்ட பொத்தான் இதற்குத்தான். விடை 20.172 டிகிரி. அறுபதால் பெருக்க 1,210.3 கடல் மைல், அதாவது 2,241 அல்லது 2,242 கிலோமீட்டர். நடுவில் எண்களை இரண்டு மூன்று தசமத்தோடு வெட்டிவிடாதீர்கள், கடைசியில் அது பல கிலோமீட்டர் இடிக்கும்.

தட்டைக் கணக்குக்கும் பெருவட்டக் கணக்குக்கும் இடையே அரைக் கடல் மைல்கூட வித்தியாசம் இல்லை. இரண்டு ஊர்களும் முப்பது டிகிரிக்குக் கீழே, தூரமும் இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டருக்குள் என்றால் தட்டைக் கணக்கே தாராளமாகப் போதும். இந்தியாவுக்குள்ளும் லட்சத்தீவு, அந்தமான், இலங்கை, மாலத்தீவு வரைக்கும் நான் அதைத்தான் சிபாரிசு செய்வேன்.

எங்கே அது கவிழும்? ஆர்க்டிக்கில். லாங்இயர்பியன் வடக்கு 78.246, கிழக்கு 15.466. அலாஸ்காவின் வடகோடியில் உள்ள உட்கியாக்விக் வடக்கு 71.285, மேற்கு 156.766. தட்டைக் கணக்குப் போட்டால் சுமார் 5,090 கிலோமீட்டர் வரும். பெருவட்டக் கணக்கில் 30.4 டிகிரி, அதாவது 1,824 கடல் மைல், சுமார் 3,380 கிலோமீட்டர். ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டர் வித்தியாசம்! காரணம் எளிது. இரண்டு ஊர்களும் ஏறக்குறைய துருவத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. குறுக்குவழி வட துருவத்தை ஒட்டியே போகிறது. தட்டைக் கணக்குக்குத் துருவம் என்ற ஒன்றே தெரியாது, அது சுற்றிக்கொண்டு கிழக்கு மேற்காகப் போகிறது.

கோடு எங்கே போகிறது என்று பாருங்கள்

தூரம் கிடைத்ததும் பலர் நிறுத்திவிடுவார்கள். கோடு எந்த ஊர்களுக்கு மேலே போகிறது என்று பார்த்தால்தான் கணக்கு மனதில் நிற்கும். அகத்தி மேற்குக் கடலில், போர்ட் பிளேர் கிழக்குக் கடலில். இரண்டு கடலும் சந்திக்கும் இடம் நம்மூர். அதனால் கோடு நம் தலைக்கு மேலே, முக்கடலைத் தாண்டித்தான் போகும் என்று குமரிக்காரர் யாருக்கும் தோன்றும். படகில் போனால் அப்படித்தான், தெற்கே இறங்கி இலங்கையையும் சுற்ற வேண்டும்.

வான்வழிக் கோடு அந்தப் பக்கமே வருவதில்லை. அகத்தியிலிருந்து கிளம்பி மலப்புறம் கரையில் நிலத்தில் ஏறுகிறது. கோயம்புத்தூருக்குச் சற்று வடக்கே, பெரியநாயக்கன்பாளையம் பக்கமாகப் போகிறது. பெரம்பலூரை ஒட்டி நகர்ந்து, சீர்காழிக்கு அருகே வங்கக் கடலில் இறங்குகிறது. கன்னியாகுமரிக்கு ஏறத்தாழ 340 கிலோமீட்டர் வடக்கே. பாதி வழியில் இந்தக் கோடு, காகித வரைபடத்தில் அளவுகோல் வைத்து இழுத்த கோட்டைவிட இருபது கிலோமீட்டர் வடக்கே வளைந்தும் இருக்கும். வட அரைக்கோளத்தில் கிழக்கு மேற்காகப் போகும் எந்தப் பெருவட்டமும் இப்படி வடக்கே புடைக்கும்.

தெற்கு, மேற்கு என்றால் மைனஸ்

நமக்குத் தெரிந்த ஊர்களெல்லாம் வடக்கு, கிழக்கு. அதனால் குறியைப் பற்றிக் கவலைப்படாமல் கழித்தே பழகியிருப்போம். நிலநடுக்கோட்டைத் தாண்டும்போது அந்தப் பழக்கம் காலை வாரும்.

டீகோ கார்சியாவைப் பாருங்கள். பிரிட்டன், அமெரிக்க ராணுவத் தளம் உள்ள தீவு. பயணிகள் விமானம் எதுவும் அங்கே போவதில்லை. நம் கரையோரக் கிராமங்களில் இந்தப் பெயர் வேறு விதமாகப் பிரபலம். ஆழ்கடலுக்குப் போய் எல்லை தாண்டியதாக அங்கே படகோடு பிடிபட்டவர்கள் உண்டு. அதன் ஓடுபாதை தெற்கு 7.313, கிழக்கு 72.411. அகத்தியின் தீர்க்கரேகையும் கிட்டத்தட்ட அதுவே என்பதால் வடக்கு தெற்குக் கணக்கு மட்டும் போதும். 10.824-இலிருந்து 7.313-ஐக் கழித்தால் மூன்றரை டிகிரி, 390 கிலோமீட்டர். குளச்சலில் கேட்டாலே சிரிப்பார்கள். தெற்கு என்பதால் 7.313 மைனஸ். மைனஸைக் கழித்தால் கூட்டல். 18.137 டிகிரி, 1,088 கடல் மைல், சுமார் 2,015 கிலோமீட்டர்.

மேற்குத் தீர்க்கரேகைக்கும் மைனஸ்தான். அப்படிக் கழித்து வரும் வித்தியாசம் 180-ஐத் தாண்டினால் 360-இலிருந்து அதைக் கழித்துக்கொள்ளுங்கள். பசிபிக் பக்கம் உள்ள தீவுகளுக்கு இது அடிக்கடி தேவைப்படும்.

தளத்துக்குத் தளம் ஏன் மாறுகிறது?

பூமி முழு உருண்டை இல்லை. நடுவில் கொஞ்சம் பெருத்து, துருவங்களில் சப்பையாக இருக்கிறது. நிலநடுக்கோட்டு ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவ ஆரம் 6,357 கிலோமீட்டர். இதை அளந்து பார்த்த வரலாற்றில் நம்மூருக்கும் பங்கு உண்டு. 1802-இல் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி லாம்டன் சென்னையில் தொடங்கிய நில அளவை, குமரி முனையிலிருந்து 78-ஆவது தீர்க்கரேகையை ஒட்டி வடக்கே இமயம் நோக்கி நீண்டது. பூமியின் வளைவு எவ்வளவு என்று கண்டுபிடிப்பதும் அந்த வேலையின் நோக்கங்களில் ஒன்று.

நம் கணக்கில் இதன் விளைவு சிறியதுதான், ஆனால் தெரியும். நிலநடுக்கோட்டை ஒட்டி வடக்கு தெற்காக ஒரு டிகிரி என்பது 111 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, 110.6. அதனால் அகத்தி, டீகோ கார்சியா தூரம் உண்மையில் 2,006 கிலோமீட்டர்தான், நம் கணக்கைவிட ஒன்பது பத்து கிலோமீட்டர் குறைவு. கிழக்கு மேற்கில் நேர் எதிர். அகத்தி, போர்ட் பிளேர் தூரம் 2,245-ஐ ஒட்டி வரும், நாலு கிலோமீட்டர் கூடுதல். ஒரு தளம் பூமியை உருண்டை என்று எடுத்துக்கொள்கிறது, இன்னொன்று சப்பையையும் சேர்க்கிறது. நாலைந்து கிலோமீட்டர் வித்தியாசத்துக்குக் காரணம் இதுதான். அரை சதவீதத்துக்குள் இருந்தால் இரண்டையும் நம்பலாம். நூறு கிலோமீட்டர் தள்ளி நின்றால் அங்கே புள்ளியோ குறியோ தவறு, அல்லது நடுவில் இறங்கும் ஊரையும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

சரிபார்க்க கூகுள் மேப்பைக் கணினியில் திறந்து, முதல் ஓடுபாதையின் மேல் வலது கிளிக் செய்து, தூரத்தை அளக்கும் வசதியைத் தேர்ந்தெடுத்து, இரண்டாவது ஓடுபாதையின் மேல் தட்டுங்கள். கிரேட் சர்க்கிள் மேப்பர் என்ற தளத்தில் இரண்டு மூன்றெழுத்துக் குறியீடுகளைக் கொடுத்தால் கோட்டையும் வரைந்து காட்டும்.

காகிதத் தூரமும் பறக்கும் தூரமும்

2,242 கிலோமீட்டர் என்று கண்டுபிடித்தாயிற்று. அதில் யாரும் பறக்க முடியாது என்பதுதான் வேடிக்கை. அகத்தி ஓடுபாதையின் நீளம் சுமார் 1,200 மீட்டர். ஏர்பஸ் மாதிரி ஜெட் விமானங்களில் பயணிகளை ஏற்றிக்கொண்டு அங்கே இறங்க வழியில்லை, ஏடிஆர் போன்ற சிறிய புரொப்பெல்லர் விமானங்கள்தான் வருகின்றன. ஏடிஆர் 72 நிறைந்த பயணிகளோடு பறக்கக்கூடிய தூரமோ சுமார் 1,500 கிலோமீட்டர். இறங்கக்கூடிய விமானத்துக்கு அவ்வளவு தூரம் பறக்க முடியாது, பறக்கக்கூடிய விமானத்துக்கு அங்கே இறங்க முடியாது.

ஆகவே மாறித்தான் போக வேண்டும். அகத்தியிலிருந்து கொச்சி 468 கிலோமீட்டர், கொச்சியிலிருந்து சென்னை 517, சென்னையிலிருந்து போர்ட் பிளேர் 1,372. கூட்டினால் 2,357. நேர்கோட்டைவிட 115 கிலோமீட்டர்தான் அதிகம், ஐந்து சதவீதம். இரண்டு ஊர்களில் இறங்கி ஏறியும் தூரம் இவ்வளவு குறைவாகக் கூடுவதற்குக் காரணம், கொச்சியும் சென்னையும் அந்தக் கோட்டுக்கு அதிகம் விலகி இல்லாததுதான். எல்லா ஊருக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. திருவனந்தபுரத்திலிருந்து அகத்தி நேர்கோட்டில் 581 கிலோமீட்டர், கொச்சி வழியாகப் போனால் 662. அங்கே பதினான்கு சதவீதம் கூடுகிறது.

ஒவ்வொரு கட்டத்திலும் விமானம் கோட்டிலேயே போகாது. புறப்படும்போது ஓடுபாதை நோக்கும் திசையில் கிளம்பி வளைய வேண்டும், வானில் குறித்து வைத்த புள்ளிகளைத் தொட்டுத் தொட்டுப் போக வேண்டும், மழை மேகத்தைச் சுற்ற வேண்டும், இறங்கும்போது வரிசையில் நிற்க வேண்டும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு கார்பன் கணக்குக்காக ஒரு திருத்தம் வைத்திருக்கிறது. தூரம் 550 கிலோமீட்டருக்குக் குறைவு என்றால் 50 கிலோமீட்டர் கூட்டு, 5,500 வரை 100 கூட்டு, அதற்கு மேல் 125 கூட்டு. இதைப் போட்டால் நம் மூன்று கட்டங்களும் சேர்ந்து 2,557 ஆகிறது.

ஒதுக்குப்புறத் தீவுகளுக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. இரட்டை எஞ்சின் விமானத்தில் ஒரு எஞ்சின் நின்றால், குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் ஏதாவது ஒரு விமான நிலையத்தை எட்டும்படி பாதை அமைய வேண்டும். பக்கத்தில் மாற்று நிலையமே இல்லாத தனித் தீவுக்குப் போகும் ஜெட் விமானம், அங்கே போய்ச் சேர்ந்த பிறகும் இரண்டு மணி நேரம் பறக்கும் அளவுக்கு எரிபொருள் வைத்திருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. சிலியின் ஈஸ்டர் தீவு அப்படிப்பட்டது. சாண்டியாகோவிலிருந்து சுமார் 3,750 கிலோமீட்டர், நடுவில் கடலைத் தவிர எதுவும் இல்லை.

தூரத்தை நேரமாக்குவது

ஏர்பஸ் ஏ320 வகைக்கு மணிக்கு 830 கிலோமீட்டர், ஏடிஆருக்கு 500 என்று வைத்துக்கொண்டு வகுங்கள். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் தரையில் ஊர்வதற்கும் அரை மணி நேரம் கூட்டுங்கள். சென்னை, போர்ட் பிளேர்: 1,372-ஐ 830-ஆல் வகுத்தால் ஒரு மணி 39 நிமிடம், அரை மணி சேர்த்தால் இரண்டு மணி பத்து நிமிடத்தை ஒட்டி. அகத்தி, கொச்சி: 56 நிமிடத்தோடு அரை மணி, ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. கொச்சி, சென்னை ஏர்பஸ்ஸில் ஒரு மணி பத்து நிமிடத்துக்குள். மொத்தம் பறக்கும் நேரம் ஐந்து மணி நேரம்கூட இல்லை. காத்திருக்கும் நேரம்தான் பயணத்தை ஒரு நாளாகவோ இரண்டு நாளாகவோ ஆக்கும். காற்று எதிர்த்தால் சில நிமிடம் கூடும், பின்னாலிருந்து தள்ளினால் குறையும். வளைகுடாவுக்குப் போகும்போது ஆகும் நேரமும் திரும்பும்போது ஆகும் நேரமும் வேறாக இருப்பதற்கு இதுவே காரணம், தூரம் மாறுவதில்லை. அகத்திக்குப் போவதாக இருந்தால் லட்சத்தீவு நுழைவு அனுமதியை டிக்கெட்டுக்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

விமானம் ரத்தாகி இழப்பீடு கேட்கும் நிலை வந்தால் எந்த எண் எங்கே செல்லும் என்பதும் தெரிந்திருக்கட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி பெருவட்டக் கிலோமீட்டரைத்தான் பார்க்கிறது, 1,500-உம் 3,500-உம் அங்கே எல்லைக்கோடுகள். இந்தியாவில் தூரத்தை யாரும் கேட்பதில்லை. புறப்பாட்டுக்கும் வருகைக்கும் இடையே அட்டவணையில் உள்ள நேரம் ஒரு மணிக்குள்ளா, இரண்டு மணிக்குள்ளா, அதற்கு மேலா என்று மூன்று படி வைத்திருக்கிறார்கள். சென்னை, போர்ட் பிளேர் விமானம் மூன்றாவது படியில் வரும். அதற்கு டிக்கெட்டில் அச்சிட்ட நேரத்தைக் காட்டினாலே போதும், இந்தத் தாளை எடுத்துப் போக வேண்டாம்.